கேளா ஒலி சொல்லும் செய்தி

மண்பானை வாங்கப் போகிறவர்கள் கண்ணை மட்டும் நம்பி வாங்குவதில்லை. பானையை இடக் கையில் தூக்கிப் பிடித்து, வலக் கை விரலை மடக்கி அதன் வயிற்றில் இரண்டு தட்டுத் தட்டுவார்கள். கணீரென்று ஒலித்தால் நல்ல பானை. ஒலி மழுங்கினால், கண்ணுக்குப் படாத விரிசல் எங்கோ ஓடியிருக்கிறது என்று பொருள். தரையில் ஓடு பதிக்கும் கொத்தனாரும் வேலை முடிந்ததும் கரண்டிக் காம்பால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கிறார். அடியில் சாந்து சேராமல் காற்று நின்ற இடம் பொள்ளலாக ஒலித்துக் காட்டிக் கொடுத்து விடுகிறது.

இதே வித்தையை மருத்துவத்துக்குக் கொண்டுவந்தவர் ஆஸ்திரியா நாட்டின் கிராட்ஸ் நகரில் பிறந்த லியோபோல்டு அவன்புருகர். அவருடைய தந்தை விடுதி நடத்தியவர். பீப்பாயில் மது எவ்வளவு இருக்கிறது என்பதை வெளியே தட்டி அறிவது அவர்கள் வழக்கம். மகன் மருத்துவரானதும் நோயாளியின் மார்பையும் அவ்வாறே விரலால் தட்டிப் பார்த்து, உள்ளே நீர் கோத்திருக்கிறதா என்று கண்டறிந்தார். அவர் அதை நூலாக எழுதியது 1761-ஆம் ஆண்டில். இன்றும் மருத்துவர்கள் நம் முதுகில் விரலை வைத்துத் தட்டுகிறார்கள் அல்லவா? அது பீப்பாயிலிருந்து வந்த பழக்கமே.

தட்டிப் பார்ப்பதில் ஒரு பெரிய நன்மை உண்டு. பானையை உடைத்துப் பார்த்தால் அதன் உறுதி இன்னும் நன்றாகத் தெரியும். ஆனால் பானை மிஞ்சாது. பொருளைச் சிதைக்காமல் அதன் உட்குறையை அறியும் முறைகள் யாவற்றுக்கும் ‘அழிவிலாச் சோதனை’ என்று பெயர். எக்ஸ் கதிர், காந்தம், வெப்பம், சாயம் எனப் பல வழிகள் இதற்கு உண்டு. நாம் இங்கே காணப்போவது ஒன்றை மட்டும்: காதுக்குக் கேளாத ஒலியைக் கொண்டு கூட்டுப் பொருள்களைச் சோதிக்கும் முறை. இயற்பியல் பாடத்தில் ‘மீயொலி’ என்று ஒரு பக்கத்தில் படித்து முடித்துவிடும் செய்திதான். அதன் பின்னே மனித உயிர்கள் பல நிற்கின்றன என்பதை அறிந்தபோதுதான் இதை எழுத வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றியது.

முதலில் கூட்டுப் பொருள் என்பது என்ன? பெயர் புதிது, பொருள் பழையது. மண்சுவர் எழுப்பும்போது சேற்றோடு வைக்கோலைப் போட்டு மிதிப்பார்கள். சேறு மட்டும் இருந்தால் காய்ந்து வெடிக்கும். வைக்கோல் மட்டும் இருந்தால் சுவராக நிற்காது. இரண்டும் சேர்ந்தால் வைக்கோல் இழுவிசையைத் தாங்குகிறது, சேறு வைக்கோலை இடம் பெயராமல் பிடித்துக் கொள்கிறது. இக்காலத்தில் வைக்கோலின் இடத்தில் கார்பன் இழை. சேற்றின் இடத்தில் எப்பாக்சி என்னும் பிசின். கார்பன் இழை ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 7 மைக்ரான். நம் தலைமயிரில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக் கொள்ளலாம். பிசினில் தோய்ந்த இந்த இழைகள் துணிபோல் தாள் தாளாக வருகின்றன. ஒரு தாளில் இழைகள் நெடுக்காகவும், அடுத்ததில் குறுக்காகவும், அதற்கடுத்ததில் சாய்வாகவும் இருக்குமாறு அடுக்கி, பெரிய அழுத்தக் கலத்தினுள் வைத்து வேக வைக்கிறார்கள். நம் அடுப்படியில் இருக்கும் பிரஷர் குக்கரின் தமக்கை என்றே அந்தக் கலத்தைச் சொல்லலாம். வெந்து இறுகிய பின் கிடைக்கும் தகடு அலுமினியத்தைவிட எடை குறைந்தது, துருப்பிடிக்காதது, உறுதியிலும் சளைக்காதது.

எனவேதான் வானூர்திகள் இதை நாடின. 2011-ஆம் ஆண்டு அக்டோபரில் பயணிகளை ஏற்றத் தொடங்கிய போயிங் 787 விமானத்தின் கட்டமைப்பில், எடைக் கணக்கில் பாதி கூட்டுப் பொருளே. ஏர்பஸ் ஏ350-இல் 53 சதவிகிதம். நம் நாட்டின் தேஜஸ் போர் விமானத்திலும் ஏறத்தாழ 45 சதவிகிதம் என்கிறார்கள்; அதன் வால் துடுப்பையும் சுக்கானையும் கூட்டுப் பொருளில் உருவாக்கியது பெங்களூரில் உள்ள தேசிய வானூர்தி ஆய்வகம்.

இத்தனை நற்குணங்களுக்கு நடுவே ஒரு கெட்ட குணமும் உண்டு. கூட்டுப் பொருள் தன் வலியை வெளியே காட்டிக் கொள்வதில்லை.

உலோகத் தகட்டின் மேல் ஒரு கனமான ஸ்பானர் தவறி விழுந்தால் தகடு நெளிந்து குழியாகும். பார்த்தவுடன் தெரியும், சரி செய்துவிடலாம். கார்பன் தகட்டின் மேல் விழுந்தாலோ, தகடு சற்று வளைந்து கொடுத்துவிட்டுப் பழைய நிலைக்கே மீண்டு விடுகிறது. மேற்பரப்பில் விரல் நகத்தளவுகூடத் தழும்பு இராது. ஆனால் அந்த அதிர்ச்சி உள்ளே போய், அடுக்கிய தாள்களுக்கு இடையே இருந்த பிசினை விடுவித்திருக்கும். மேலே ஊசிமுனை அளவாகத் தொடங்கும் சேதம் கீழே போகப் போக விரித்த குடைபோல் அகன்றிருக்கும். இப்படித் தாள்கள் பிரிந்து போவதைப் ‘படலப் பிரிவு’ என்று அழைப்போம். பிரிந்தால் என்ன, தாள்கள் அங்கேயே தானே இருக்கின்றன என்று கேட்கத் தோன்றும். இருபது அஞ்சல் அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பசை தடவி ஒட்டி, காய்ந்தபின் நிமிர்த்தி வைத்து மேலிருந்து உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். அசையாமல் நிற்கும். ஒட்டாத இருபது அட்டைகளை அவ்வாறே அழுத்துங்கள். ஒவ்வொன்றும் தன் போக்கில் வளைந்து மடங்கிவிடும். அட்டைகள் அதே இருபதுதான்.

விழுந்து பட்ட அடியைத் தவிர, பிறவிக் குறைகளும் உண்டு. வேகும்போது வெளியேறாமல் தங்கிவிட்ட காற்றுக் குமிழிகள் ஒன்று. இழைகள் சுருங்கி அலையாக மடிந்து போவது மற்றொன்று. பிசின் தாளின் பின்புறம் ஒட்டிவரும் பாதுகாப்புக் காகிதத்தை உரிக்க மறந்து, அதையும் சேர்த்து அடுக்கி வேக வைத்துவிடுவதும் நடப்பதுண்டு. வெளியே வழவழவென்று மின்னும் தகட்டின் வயிற்றில் இத்தனையும் ஒளிந்திருக்கக் கூடும்.

இனி ஒலியிடம் வருவோம். நம் காது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வுகளை மட்டுமே கேட்கும். அதற்கு மேற்பட்டது மீயொலி. வௌவால் அதைப் பயன்படுத்துவது யாவரும் அறிந்ததே. மனிதன் அதை உண்டாக்கக் கற்ற கதையில் நம் போன்ற மாணவியர் மகிழத்தக்க ஒரு செய்தி இருக்கிறது. 1880-இல் பிரான்சு நாட்டில் ஷாக், பியேர் கியூரி என்னும் சகோதரர்கள், குவார்ட்ஸ் போன்ற சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்னூட்டம் தோன்றுவதைக் கண்டார்கள். இந்தப் பியேர்தான் பின்னர் மேரி கியூரியின் கணவரானார். மேரி அம்மையார் கதிரியக்கத்தை அளந்தபோது, மிக நுண்ணிய மின்னோட்டத்தைக் கணக்கிட உதவியது கணவரும் மைத்துனரும் கண்ட இதே படிகந்தான். ரேடியம் என்றவுடன் அவரை நினைக்கிறோம். குவார்ட்ஸ் துண்டை யாரும் நினைப்பதில்லை.

அழுத்தினால் மின்சாரம் தரும் படிகம், மின்சாரம் கொடுத்தால் அதிரவும் செய்யும். ஆக ஒரே படிகம் வாயும் ஆகும், செவியும் ஆகும். 1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பல் பனிமலையில் மோதி மூழ்கிய சில வாரங்களுக்குள், இங்கிலாந்தைச் சேர்ந்த லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் என்பவர் எதிரொலியால் பனிமலைகளைக் கண்டறியும் முறைக்குக் காப்புரிமை கோரினார். முதல் உலகப் போரின்போது பால் லாங்கெவின் குவார்ட்ஸ் படிகத்தைக் கொண்டு நீரினுள் மீயொலியை அனுப்பி, நீர்மூழ்கிகளின் எதிரொலியைப் பிடிக்க வழி கண்டார். நீருக்குள் செல்லும் ஒலி உலோகத்துக்குள்ளும் செல்லுமே என்று 1920-களின் இறுதியில் எண்ணிப் பார்த்தவர் சோவியத் நாட்டின் சோகொலோவ். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபயர்ஸ்டோன் 1940-இல் இதற்கென ஒரு கருவிக்குக் காப்புரிமை கோரினார். துடிப்பாக ஒலியை அனுப்பி அதன் எதிரொலிக்காகக் காத்திருக்கும் அக்கருவியின் வழித்தோன்றல்களே இன்று தொழிற்கூடங்களில் இருப்பவை. தாயின் வயிற்றில் இருக்கும் குழந்தையைக் காட்டும் ஸ்கேனும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

ஸ்கேன் எடுக்கும்போது குளிர்ந்த பசை ஒன்றை வயிற்றில் தடவுகிறார்கள். ஏன் என்று எங்கள் வகுப்பில் பலர் கேட்டதுண்டு. விடை மிக எளிது. இந்தச் சோதனை முறை முழுவதும் அந்த விடையிலேயே அடங்கியிருக்கிறது. ஒலி ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது, இரண்டும் ஏறத்தாழ ஒத்த தன்மை உடையனவாக இருந்தால் பெரும்பகுதி உள்ளே நுழையும். வேறுபாடு மிகுந்திருந்தால் பெரும்பகுதி திரும்பிவிடும். திடப்பொருளுக்கும் காற்றுக்கும் இடையே உள்ள வேறுபாடு மிகப் பெரிது. ஆகவே கருவிக்கும் பொருளுக்கும் நடுவே காற்று இருந்தால் மீயொலி உள்ளே நுழையாமலேயே திரும்பிவிடும். அந்தக் காற்றை விரட்டத்தான் பசையோ தண்ணீரோ தடவுகிறார்கள். இப்போது இதையே உள்ளே பொருத்திப் பாருங்கள். தகட்டினுள் படலம் பிரிந்த இடத்திலும் மெல்லிய காற்று இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியதுதான். மீயொலி அதைக் கடக்க முடியாமல் ஏறத்தாழ முழுவதுமாகத் திரும்பி வருகிறது. வாசலில் நமக்கு இடையூறாக இருந்த அதே காற்று, உள்ளே நமக்குத் துப்புச் சொல்லும் ஆளாகிவிடுகிறது!

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். தாள் ஒன்றின் தடிமன் 0.125 மில்லிமீட்டர், 48 தாள்கள் அடுக்கினால் 6 மில்லிமீட்டர் தகடு. தகட்டின் குறுக்கே ஒலி செல்லும் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 3,000 மீட்டர், அதாவது ஒரு மைக்ரோ விநாடிக்கு 3 மில்லிமீட்டர். மேலிருந்து அனுப்பிய துடிப்பு அடிப்பரப்பில் பட்டுத் திரும்ப 12 மில்லிமீட்டர் பயணம் செய்ய வேண்டும். 4 மைக்ரோ விநாடி ஆகும். குறையற்ற தகட்டில் திரையில் முதல் கோடும், நான்காம் மைக்ரோ விநாடியில் இன்னொரு கோடும் எழும். நடுவில் அமைதி. இன்னொரு தகட்டில் 1.33 மைக்ரோ விநாடியிலேயே ஒரு கோடு எழுகிறது, நான்காம் மைக்ரோ விநாடியில் எழ வேண்டிய கோட்டைக் காணோம். அப்படியானால் ஒலி போய்வந்த தூரம் 4 மில்லிமீட்டர். தடை இருக்கும் ஆழம் 2 மில்லிமீட்டர். பதினாறாம் தாளுக்கும் பதினேழாம் தாளுக்கும் இடையே பிரிவு! தகட்டைத் திறக்காமலே தாளின் எண்ணிக்கையைச் சொல்லிவிட்டோம். தேர்வுத்தாளில் வரும் கணக்குகளைவிட இது எங்களுக்கு மிகவும் பிடித்துப்போனது.

காற்றுக் குமிழிகள் இருந்தால் கதை வேறு. அவை தனித்தனிக் கோடாக எழுவதில்லை. ஒலியைச் சிறிது சிறிதாகச் சிதறடித்துவிடுகின்றன. அடிப்பரப்பின் எதிரொலி தேய்ந்து சிறுத்து வருகிறது. ஆகவே சோதிப்பவர் புதிதாக எழும் கோட்டை மட்டும் பார்த்தால் போதாது. இருக்க வேண்டிய கோடு இளைத்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். தகடு முழுவதும் கருவியை நெய்யும் தறிபோல் முன்னும் பின்னும் ஓட்டி, ஒவ்வொரு புள்ளியின் எதிரொலியையும் வண்ணமாக மாற்றினால், நிலப்படம் போன்ற ஒரு படம் கிடைக்கும். குறையுள்ள இடம் அதில் தீவுபோல் தெரியும்.

எந்த அதிர்வெண்ணில் ஒலியை அனுப்புவது என்பதும் எளிய முடிவன்று. 5 மெகா ஹெர்ட்ஸ் என்றால் மேற்சொன்ன தகட்டில் அலைநீளம் 0.6 மில்லிமீட்டர், சிறு குறையும் தப்பாது. ஆனால் உயர்ந்த அதிர்வெண் விரைவில் களைத்துப் போகும், ஆழத்துக்குச் செல்லாது. 1 மெகா ஹெர்ட்ஸ் ஆழமாகச் செல்லும். அலைநீளம் 3 மில்லிமீட்டர் ஆகிவிடுவதால் நுண்ணிய குறைகள் நழுவும். ஆழமா, நுட்பமா என்று ஒவ்வொரு முறையும் தேர்ந்தெடுத்தாக வேண்டும்.

இவ்வளவு கருவி எதற்கு, பானையைத் தட்டுவதுபோல் தட்டினால் போதாதா என்னும் ஐயம் எங்களுக்கும் இருந்தது. எனவே ஆய்வகத்தில் ஒரு சிறு சோதனை செய்தோம். மெல்லிய பிளைவுட் துண்டு ஒன்றைப் பலகையின் மேல் ஒட்டி, நடுவே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பசை தடவாமல் விட்டோம். ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால் அந்த இடம் நன்றாகக் காட்டிக் கொடுத்தது. கண்ணைக் கட்டிக்கொண்டு வந்த தோழியர்கூடச் சரியாகச் சொன்னார்கள். பின்பு அதே அளவு இடைவெளியைத் தடித்த பலகையின் அடியில் வைத்தோம். யாராலும் சொல்ல முடியவில்லை. தட்டும் ஒலி மேல்தோலுக்கு அடுத்திருப்பதை மட்டுமே பேசும். விமான நிலையங்களில் இன்றும் சிறு சுத்தியலால் தட்டிப் பார்க்கும் முறை இருக்கிறது. மெல்லிய தோலுக்கு அது நல்ல முறையே. அதை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறோம்.

2005-ஆம் ஆண்டு மார்ச் 6-ஆம் நாள். கியூபாவின் வராதெரோ நகரிலிருந்து கனடாவின் கியூபெக் நகருக்கு ஏர் டிரான்சாட் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ310 விமானம் புறப்பட்டது. பயணிகள் 262 பேர், பணியாளர் 9 பேர். 35,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது பெருத்த ஓசை ஒன்று கேட்டது. விமானம் அதிர்ந்து, பக்கவாட்டில் ஆடத் தொடங்கியது. விமானிகள் உயரத்தைக் குறைத்து, மெல்லத் திருப்பி, வராதெரோவுக்கே கொண்டு வந்து இறக்கினார்கள். இறங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, வாலில் இருந்த சுக்கானைக் காணவில்லை! விமானத்தின் மூக்கை இடமும் வலமும் திருப்பும் அந்தப் பெரிய பலகை, அடியில் ஒட்டிக்கொண்டிருந்த சில துண்டுகள் தவிர, கடலில் விழுந்து போயிருந்தது. விமானப் பணிப்பெண் ஒருவருக்கு முதுகில் சிறு காயம்; மற்றவர் யாவரும் தப்பினர்.

அந்தச் சுக்கான் கூட்டுப் பொருளால் ஆனது. இரண்டு மெல்லிய கார்பன் தோல்கள். நடுவே தேன்கூடு போன்ற அறுகோண அறைகள் கொண்ட இலேசான உள்ளீடு. நாம் உண்ணும் வேஃபர் பிஸ்கட்டைப் போன்ற அமைப்பு. கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் நெடுநாள் ஆராய்ந்து 2007-இல் அறிக்கை தந்தது. விமானம் புறப்படும் முன்பே சுக்கானின் தோலும் உள்ளீடும் எங்கோ பிரிந்தோ, உள்ளீடு முறிந்தோ இருந்தது. அது பறக்கும்போது வளர்ந்து சுக்கானையே கொண்டு போய்விட்டது. வகுத்துத் தரப்பட்ட பரிசோதனை முறை எல்லாக் குறைகளையும் கண்டுபிடிக்கப் போதுமானதாக இல்லை என்பதே அதன் முடிவு.

பிரிந்த இடம் எப்படி வளர்கிறது? தேன்கூட்டு அறைகளில் தரைமட்டக் காற்று அடைபட்டிருக்கிறது. 35,000 அடி உயரத்தில் வெளிக் காற்றின் அழுத்தம் தரையில் உள்ளதில் ஏறத்தாழ கால் பங்கே. உள்ளே அடைபட்ட காற்று தோலை வெளியே தள்ளுகிறது. இறங்கினால் தளர்கிறது. ஏறினால் மறுபடியும் தள்ளுகிறது. நன்றாக ஒட்டிய தோல் இதைப் பொருட்படுத்தாது. பிரிந்த தோலின் விளிம்போ ஒவ்வொரு பயணத்திலும் சற்றே கிழிந்துகொண்டு போகும்.

அந்த ஆண்டிலேயே நவம்பரில், வேறொரு நிறுவனத்தின் சரக்கு விமானத்துச் சுக்கான் பராமரிப்பு வேலையின்போது தற்செயலாகச் சேதமடைந்தது. அதைப் பழுது பார்க்க அனுப்பி ஆராய்ந்தபோது, அந்தச் சேதத்துக்குச் சற்றும் தொடர்பில்லாமல், உட்பக்கத் தோல் பெரும்பரப்பில் உள்ளீட்டிலிருந்து பிரிந்திருந்தது தெரிய வந்தது. ஹைட்ராலிக் எண்ணெய் கசிந்து ஊறியிருந்ததற்கான அடையாளமும் இருந்தது. உட்பக்கத் தோல்! வெளியே நின்று சுத்தியலால் தட்டுகிறவருக்கு வெளித்தோலும் தேன்கூடும் தாண்டி அது எப்படிக் கேட்கும்? அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2006 மார்ச்சில் இத்தகைய சுக்கான்களை உடனே நன்கு சோதிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. தேன்கூட்டுப் பலகைகளைத் தொழிற்கூடத்தில் சோதிக்கும்போது இருபுறமும் தண்ணீரைப் பீய்ச்சி, ஒரு புறத் தாரை வழியே மீயொலியை அனுப்பி மறுபுறத் தாரையில் அது வந்து சேர்கிறதா என்று பார்க்கிறார்கள். எந்தத் தோல் எங்கே பிரிந்திருந்தாலும் அங்கே ஒலி மறுகரை சேராது.

தட்டுவது ஒரு வழி. அனுப்பிக் கேட்பது இன்னொரு வழி. மூன்றாவதாகவும் ஒன்று உண்டு. பொருள் தானாக ஒலி எழுப்பும்வரை காத்திருப்பது. கார்பன் இழைகள் அறுபடும்போது மெல்லிய ‘டிக்’ ஒலி கேட்கும். அழுத்தக் கலன்களைச் சோதிக்கும்போது இவ்வொலிகளைப் பதிவு செய்வது முறையான சோதனைதான். ஆனால் அதையே முதன்மையான காவலாக நம்பிய கதையை நாம் யாவரும் 2023 ஜூனில் செய்தித்தாள்களில் படித்தோம். ‘டைட்டன்’ என்னும் சிறு நீர்மூழ்கியின் உருளை உடல் 5 அங்குலத் தடிமனுள்ள கார்பன் கூட்டுப் பொருள். கடலடியில் 3,800 மீட்டர் ஆழத்தில் கிடக்கும் டைட்டானிக்கைக் காண அதில் மனிதர்களை இறக்கினார்கள். அங்கே நீரின் அழுத்தம் தரையில் உள்ள காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 380 மடங்கு.

அந்நிறுவனத்தில் கடற்பணி இயக்குநராக இருந்த டேவிட் லாக்ரிட்ஜ், உடலின் உட்குறைகளை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும் என்று 2018 ஜனவரியிலேயே எழுத்தில் கேட்டார். இவ்வளவு தடித்த உடலைச் சோதிக்கக் கருவி இல்லை என்று தமக்குப் பதில் சொல்லப்பட்டதாக அவர் பின்னர் நீதிமன்றத்தில் தெரிவித்தார். அவர் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். உடலில் ஒட்டிய ஒலிவாங்கிகளும் இழுப்புமானிகளும் ஆபத்து வருமுன் எச்சரிக்கும் என்பது நிறுவனத்தின் நம்பிக்கை. முதல் உடலில் 2019-இல் விரிசல் காணப்பட்டதும் இரண்டாவது உடல் செய்தார்கள். அதன் தயாரிப்பின்போது எடுத்த மாதிரித் துண்டுகளில் இழைச் சுருக்கமும் காற்று இடைவெளிகளும் இருந்தன என்று 2024 செப்டம்பரில் நடந்த விசாரணையில் நிபுணர் எடுத்துரைத்தார். 2022 ஜூலை 15-ஆம் நாள் நீர்மூழ்கி மேலே வந்துகொண்டிருந்தபோது உரத்த ஓசை கேட்டது. அதன் பின் இழுப்புமானிகளின் அளவுகளும் மாறின. பொருள் தன் வாயால் சொல்லியேவிட்டது! ஆனாலும் மறுபடியும் மூழ்கினார்கள். 2023 ஜூன் 18-இல் உடல் நொறுங்கி ஐவரும் மாண்டனர்.

5 அங்குலம் என்பது 127 மில்லிமீட்டர். நம் கணக்குப்படி மீயொலி போய்த் திரும்ப 85 மைக்ரோ விநாடி ஆகும். அவ்வளவு தடிமனில் ஒலி களைத்துப் போகும் என்பது உண்மை. அதிர்வெண்ணைக் குறைக்க வேண்டியிருக்கும், நுட்பம் குறையும். கடினம் என்பது வேறு, கேட்காமலே இருப்பது வேறு. டைட்டானிக் மூழ்கியதால் எதிரொலி முறைக்கு ஒரு தூண்டுதல் கிடைத்தது. அதே டைட்டானிக்கைப் பார்க்கச் சென்ற கலத்தின் செய்தியில் இந்த முறை இப்படி ஒதுக்கப்பட்டதைப் படிக்கையில் எங்களுக்கு மனம் கனத்தது.

மீயொலி எல்லாம் அறிந்தது என்று நாம் கூறவில்லை. அதை ஏமாற்றும் குறை ஒன்று உண்டு. இரு பரப்புகள் காற்றே இல்லாமல் நெருங்கித் தொட்டுக்கொண்டிருக்கின்றன. ஆனால் பசை பிடிக்கவில்லை. ஒட்டும் முன்பு கைவிரல் எண்ணெய் பட்டிருக்கலாம். பரப்பைச் சரியாகத் துடைக்காமல் விட்டிருக்கலாம். தொட்டும் ஒட்டாத இந்தப் பிணைப்பில் ஒலி தங்கு தடையின்றிப் போய்விடுகிறது. திரையில் நல்ல தகடு, உண்மையில் பலமில்லை. மேற்சொன்ன கனடா அறிக்கையும், சுக்கானில் முதலில் இருந்த கோளாறுக்கு இத்தகைய பலவீனமான ஒட்டு காரணமாக இருந்திருக்கக்கூடும் என்று குறிப்பிடுகிறது. இதை உறுதியாகக் கண்டறியும் எளிய வழி இன்றும் கிடைக்கவில்லை. எனவே ஒட்டும் அறையின் தூய்மையையும் ஈரப்பதத்தையும் கண்காணிக்கிறார்கள். அதே பசையால், அதே நாளில், அதே கைகளால் ஒட்டிய சிறு மாதிரித் துண்டுகளை இழுத்து உடைத்துப் பார்க்கிறார்கள். அழிவிலாச் சோதனைக்குத் துணையாகச் சில துண்டுகள் அழியத்தான் வேண்டியிருக்கிறது.

நம் மாநிலத்திலேயே இத்துறையில் ஆராய்ச்சி நடைபெறுகிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் அழிவிலாச் சோதனைக்கென்று தனி மையம் இருக்கிறது. கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்திலும் இதற்கான பிரிவு உண்டு. சோதனை செய்யும் தொழிலுக்கு மூன்று நிலைத் தகுதிகள் உலக அளவில் வகுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பயிற்சி, தேர்வு, கண் பரிசோதனை எல்லாம் உண்டு. இயற்பியலும் பொறுமையும் உள்ள பெண்கள் இதைப் பற்றி விசாரித்து வைப்பது நல்லது என்று எங்கள் எண்ணம்.

இத்தொழிலில் இருப்பவர்கள் வேலையைத் தொடங்கும் முறை எங்களை மிகவும் கவர்ந்தது. அவர்கள் நேரே விமானத்திடம் போவதில்லை. அதே பொருளில், அதே தடிமனில் செய்த ஒரு மாதிரித் தகட்டை முதலில் எடுக்கிறார்கள். அதன் தாள்களுக்கிடையே, குறிப்பிட்ட ஆழங்களில், டெஃப்லான் துண்டுகள் வேண்டுமென்றே வைத்து வேக வைக்கப்பட்டிருக்கும். கருவியை அதன் மேல் நகர்த்தி, எங்கே குறை இருக்கிறது என்று தெரிந்த அந்த இடத்தில், உரிய ஆழத்தில், உரிய உயரத்தில் கோடு எழுகிறதா என்று பார்க்கிறார்கள். எழவில்லையென்றால் கருவியைச் சரிசெய்து மறுபடியும் பார்க்கிறார்கள். எழுந்த பிறகே பசையை எடுத்துக்கொண்டு இறக்கையின் பக்கம் போகிறார்கள்.